வில்லியம் ஹேர்ஷல் – ஆடியைச் சீராக்கி வானத்தைக் கண்டவர்



வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரை எழுதும்படி வினாத்தாளில் கேட்டால், உங்களில் பலர் பிறந்த திகதி, பெற்றோர் பெயர், பெற்ற பட்டங்கள், இறந்த திகதி என வரிசையாக எழுதி முடித்துவிடுகிறீர்கள். அந்தப் பெரியார் எதைத் தெரிவு செய்தார், எதைக் கைவிட்டார், ஏன் அவ்வாறு செய்தார் என்பவை விடுபட்டுப் போகின்றன. இக்குறைபாட்டை நீக்கும் நோக்குடன் வானியலாளர் வில்லியம் ஹேர்ஷலின் வரலாற்றை இங்கு தருகின்றோம்.

யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவர் என்ற ஒரு வரியில் இவரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஆனால் அவருடைய வாழ்நாளின் பெரும்பகுதி ஒரு கேள்விக்கு விடை காண்பதிலேயே கழிந்தது. என் கருவி காட்டுவதை நான் நம்பலாமா என்பதே அக்கேள்வி. வாசிக்கும்போது ஒளித்தெறிப்பு, குழிவாடி பற்றிய உங்கள் விஞ்ஞானக் குறிப்புகளையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. பிறப்பும் இளமையும்

வில்லியம் ஹேர்ஷல் 1738 நவம்பர் 15 ஆம் திகதி ஜேர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தார். தந்தையார் ஐசாக் இராணுவ வாத்தியக் குழுவில் ஓபோ என்னும் குழல் வாத்தியம் வாசித்தவர். மகனும் இளவயதிலேயே அதே குழுவில் சேர்ந்தார். 1757 இல் நடைபெற்ற ஹஸ்ரன்பெக் போரில் ஹனோவர் படை பிரெஞ்சுப் படையிடம் தோல்வியுற்றது. அதே ஆண்டில் வில்லியம் தமது சகோதரர் ஜேக்கப்புடன் இங்கிலாந்து சென்றார்.

அங்கு இசைப் பிரதிகளைப் பார்த்தெழுதியும், இசை கற்பித்தும், கச்சேரிகள் நடத்தியும் பிழைத்தார். 1766 இல் பாத் நகரின் ஒக்ரகன் தேவாலயத்தில் ஓகன் வாத்தியம் வாசிக்கும் பதவி கிடைத்தது. 1772 இல் தமது தங்கை கரோலினை ஹனோவரிலிருந்து அழைத்து வந்து பாடகியாகப் பயிற்றுவித்தார். அண்ணனும் தங்கையும் இசையால் வாழ்ந்த குடும்பமாகவே அக்காலத்தில் ஊரார் அவர்களை அறிந்திருந்தனர்.

2. வில்லையா, ஆடியா?

இசையின் கணிதத்தை அறிய விரும்பிய ஹேர்ஷல், றொபேட் ஸ்மித் என்பவர் எழுதிய இசை நூலைப் படித்தார். அதே ஆசிரியர் ஒளியியல் பற்றியும் ஒரு நூல் எழுதியிருந்தார். அதில் தொலைகாட்டி செய்யும் முறை விளக்கப்பட்டிருந்தது. இவ்வாறுதான் இசை ஆசிரியரின் கவனம் வானத்தின்பால் திரும்பியது.

1773 இல் அவர் முதலில் தெரிவு செய்தது வில்லைத் தொலைகாட்டியை. அக்காலத்தில் எளிய வில்லையொன்றினூடாகப் பார்த்தால் பொருளைச் சுற்றி நிற விளிம்புகள் தோன்றும். அதைக் குறைக்கக் குழாயை மிக நீளமாக்க வேண்டும். நீண்ட குழாயோ வளையும், ஆடும், திருப்புவதற்கும் கடினமானது. ஆகவே அவர் ஆடித் தொலைகாட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பார்த்தார். ஆடியில் ஒளி முறிவடைவதில்லை, தெறிப்படைகின்றது. எனவே நிற விளிம்பு உண்டாவதில்லை. 1668 ஆம் ஆண்டளவில் நியூற்றன் ஆடித் தொலைகாட்டியைச் செய்ததற்கும் இதுவே காரணமாகும்.

பெரிய ஆடித் தொலைகாட்டியின் விலை அவரது சக்திக்கு மீறியதாக இருந்தது. பாத் நகரில் ஆடி மெருகிடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்த ஒருவரிடமிருந்து பழைய கருவிகளையும் அரைகுறையாக முடிந்த ஆடிகளையும் வாங்கிக்கொண்டு, தாமே செய்யத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 34.

3. ஆடி செய்த வீடு

அக்காலத் தொலைகாட்டி ஆடி கண்ணாடியாலானது அன்று. செப்பும் வெள்ளீயமும் கலந்து உருக்கி வார்த்த உலோகத் தட்டே ஆடியாயிற்று. செப்பு கூடினால் ஆடி விரைவில் மங்கும். வெள்ளீயம் கூடினால் அது நொருங்கும் தன்மை பெறும். வார்த்த தட்டைக் குழிவாக அரைத்து, பின்னர் கீல் பூசிய அச்சின் மீது மெருகிட வேண்டும். குழிவு கோளத்தின் பகுதியாக அமைந்தால் விளிம்பில் படும் ஒளியும் நடுவில் படும் ஒளியும் ஒரே புள்ளியில் குவியமாட்டா. பரவளைவு வடிவம் வேண்டும். இவ்விரு வடிவங்களுக்குமிடையிலான வேறுபாடு தலைமயிரின் தடிப்பிலும் மிகச் சிறியது.

மெருகிடும்போது இடையில் கையை எடுத்தால் வடிவம் கெட்டுவிடும் என ஹேர்ஷல் கருதினார். ஒரு முறை 16 மணித்தியாலங்கள் தொடர்ந்து மெருகிட்டார். அவ்வேளையில் கரோலின் உணவைச் சிறு துண்டுகளாக்கி அண்ணனின் வாயில் ஊட்டினார். களைப்புத் தெரியாதிருக்கக் கதைகளை வாசித்துக் காட்டினார். இன்னொரு சகோதரரான அலெக்சாண்டர் பித்தளைப் பாகங்களைக் கடைந்து கொடுத்தார். வரவேற்பறை தச்சுக்கூடமாகியது.

1774 மார்ச் 1 ஆம் திகதி, தாமே செய்த தொலைகாட்டியால் கண்டவற்றை அவர் தமது குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். சனியின் வளையமும் ஒறாயன் நெபுலாவும் அவரது முதற் காட்சிகளுள் அடங்கும்.

4. நல்ல ஆடி மட்டும் போதுமா?

மாணவர்களே, இங்கு சற்று நிதானமாக வாசியுங்கள். நியூற்றன் முறைத் தொலைகாட்டியில் இரு ஆடிகள் உண்டு. குழாயின் அடியில் பெரிய குழிவாடி இருக்கும். மேற்பகுதியில் 45 பாகை சரிவாக ஒரு சிறிய தளவாடி இருக்கும். குழிவாடியில் தெறித்த ஒளி தளவாடியில் பட்டு, குழாயின் பக்கத்திலுள்ள பார்வைத்துண்டை அடையும். இவை யாவும் ஒரே அச்சில் ஒழுங்காக நிற்க வேண்டும். இவ்வாறு நிறுத்துவதை அச்சுச் சீராக்கல் எனலாம்.

ஆடி ஒரு கோணத்தால் திரும்பினால் தெறிகதிர் அதன் இரு மடங்கால் திரும்பும் என்பதைப் படித்திருப்பீர்கள். ஹேர்ஷலின் 7 அடிக் கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் குவியத் தூரம் 84 அங்குலம். பெரிய ஆடி 0.1 பாகை மட்டும் சரிந்துவிட்டதாகக் கொள்க. தெறிகதிர் 0.2 பாகையால் விலகும். 84 அங்குலத் தூரத்தில் அவ்விலகல் ஏறத்தாழ 0.29 அங்குலமாகும். கண்ணால் காணமுடியாத சரிவு, பார்வைத்துண்டில் கால் அங்குலத்திலும் கூடிய பிழையாகிவிடுகின்றது. அப்போது நட்சத்திரம் புள்ளியாகத் தோன்றாமல் வால் முளைத்தது போலத் தோன்றும். மெருகிட்டவரின் 16 மணித்தியால உழைப்பையும் ஒரு தளர்ந்த திருகாணி வீணாக்கிவிடும்.

ஹேர்ஷல் அக்காலத்தில் இரட்டை நட்சத்திரங்களைத் தேடிப் பட்டியலிட்டு வந்தார். மிக அருகருகே உள்ள இரு நட்சத்திரங்களைப் பிரித்துக் காண்பதற்குக் கருவி பிழையின்றி இருத்தல் வேண்டும். ஆகவே வானமே அவருக்கு நாள்தோறும் பரீட்சை வைத்தது எனலாம்.

5. 1781: ஒரே ஆண்டில் வெற்றியும் தோல்வியும்

1781 மார்ச் 13 ஆம் திகதி இரவு, பாத் நகரில் நியூ கிங் வீதி 19 ஆம் இலக்க வீட்டுத் தோட்டத்திலிருந்து மிதுன ராசிப் பக்கம் நோக்கிக்கொண்டிருந்தார். ஒரு நட்சத்திரம் மற்றவற்றிலும் சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. அப்போது அவர் பயன்படுத்தியது 227 மடங்கு உருப்பெருக்கம். உடனே 460 மடங்கும் 932 மடங்கும் தரும் பார்வைத்துண்டுகளை மாற்றிப் பார்த்தார். உருப்பெருக்கம் கூடக்கூட அப்பொருளின் வட்டமும் பெரிதாகியது. அருகிலிருந்த நட்சத்திரங்கள் அவ்வாறு பெரிதாகவில்லை. எனவே அது நட்சத்திரமன்று எனத் தெளிந்தார். நான்கு நாட்களின் பின் பார்த்தபோது அது இடம் மாறியிருந்தது.

அவர் அதை வால்வெள்ளி என்றே அறிவித்தார். பின்னர் லெக்செல் முதலியோரின் கணிப்புகளால் அது சனிக்கு அப்பாலுள்ள புதிய கோள் என்பது உறுதியாயிற்று. ஹேர்ஷல் அதற்கு மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் பெயரைச் சூட்ட விரும்பினார். ஆயினும் போடே முன்மொழிந்த யுரேனஸ் என்ற பெயரே நிலைத்தது. கண்டதைத் தவறாக இனங்கண்டாலும், கருவி காட்டிய வட்டத்தை அவர் பிழையெனத் தள்ளிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒழுங்கற்ற கருவியில் எல்லா நட்சத்திரமும் பருத்தே தோன்றும். மற்றவை கூர்மையாகத் தெரிந்தமையினாலேயே இந்த ஒன்று வேறுபட்டது என அவரால் துணிந்து கூற முடிந்தது.

அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் 3 அடி விட்டமுள்ள ஆடியொன்றை வீட்டின் அடித்தளத்திலேயே வார்க்க முயன்றார். அச்சுக்குரிய களிமண்ணுடன் கலப்பதற்குக் குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்துக் கொடுத்தார் கரோலின். முதல் வார்ப்பு குளிரும்போது வெடித்தது. இரண்டாவது முறை உலையிலிருந்து உருகிய உலோகம் ஒழுகி நிலத்தில் ஓடியது. தளக் கற்கள் சூட்டினால் வெடித்துச் சிதறின. அங்கிருந்தோர் உயிர் தப்பி ஓடினர். அவ்வாண்டில் வேத்தியற் கழகத்தின் கொப்ளி பதக்கம் பெற்றவரும் இவரே, உலையிலிருந்து ஓடியவரும் இவரே.

6. ஓர் ஆடியை நீக்கிய துணிவு

1782 இல் ஹேர்ஷல் தமது கருவியைக் கிறினிச் வான்காணகத்துக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்த கருவிகளுடன் ஒப்பிட்டபோது அவருடையதே சிறந்ததெனக் காணப்பட்டது. மன்னர் ஆண்டுக்கு 200 பவுண் சம்பளத்துடன் அவரைத் தமது வானியலாளராக நியமித்தார். இசைத் தொழிலில் கிடைத்த வருமானத்திலும் இது குறைவு. ஆயினும் ஏற்றுக்கொண்டார். கரோலினும் பாடகியாகத் தாம் பெற்றிருந்த இடத்தை விட்டு அண்ணனுடன் சென்றார்.

3 அடி ஆடியில் தோற்றவர், 1783 இல் 18.7 அங்குல ஆடியுடன் 20 அடி நீளத் தொலைகாட்டியை அமைத்தார். இக்கருவியில் அவர் செய்த மாற்றமே அவரது துணிவைக் காட்டுகின்றது.

உலோக ஆடி, தன்மீது படும் ஒளியில் ஏறத்தாழ 60 சதவீதத்தையே தெறிக்கச் செய்யும். இரண்டு ஆடிகளிலும் தெறித்த பின் எஞ்சுவது 60 இன் 60 சதவீதம், அதாவது 36 சதவீதமே. மங்கலான பொருள்களைத் தேடுபவருக்கு இது பேரிழப்பு. 1786 இல் ஹேர்ஷல் சிறிய தளவாடியை முற்றாக நீக்கினார். பெரிய ஆடியைச் சற்றுச் சரித்து, விம்பம் குழாயின் வாய் விளிம்பில் விழும்படி செய்தார். அவர் குழாயின் மேல் வாயிலில் நின்று, வானத்துக்கு முதுகைக் காட்டி, கீழ்நோக்கிப் பார்த்தார்.

இம்முறையின் நன்மை தீமைகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நன்மை: ஒளியிழப்புக் குறைந்தது. சீராக்க வேண்டிய ஆடியும் ஒன்றாகக் குறைந்தது.

தீமை: ஆடியைச் சரித்தால் விம்பம் சிறிது சிதையும். பார்ப்பவரின் உடற்சூட்டினால் குழாய் வாயிலிலுள்ள காற்றும் கலங்கும்.

எனினும் 20 அடிக் குவியத் தூரத்துக்கு ஒரு பாகையைச் சற்றுத் தாண்டிய சரிவே போதுமானது. ஆகவே சிதைவு பொறுக்கக்கூடியதாயிற்று. குட்டையான தொலைகாட்டியில் இம்முறை பயன்படாது. எந்த முறை சிறந்தது என்று அவர் கேட்கவில்லை. இந்தக் கருவிக்கும் இந்த வேலைக்கும் எந்த முறை பொருந்தும் என்றே கேட்டார். பலன் விரைவில் கிடைத்தது. 1787 ஜனவரி 11 ஆம் திகதி யுரேனசின் இரு சந்திரன்களைக் கண்டார். அவை இன்று ரைற்றானியா, ஒபெரோன் எனப்படுகின்றன.

7. நாற்பதடித் தொலைகாட்டி

மன்னர் வழங்கிய 4,000 பவுணைக்கொண்டு சுலோ என்னும் ஊரில் 40 அடித் தொலைகாட்டி எழுந்தது. அதன் ஆடி 4 அடி விட்டமுடையது. முதலாவது ஆடி மெல்லியதாக இருந்தமையால் வடிவம் நிலைக்கவில்லை. மற்றொன்று குளிரும்போது வெடித்தது. ஈற்றில் ஏறத்தாழ ஒரு தொன் நிறையுடைய தடித்த ஆடி வெற்றியளித்தது. 1789 இல் சனியின் சந்திரன்களான என்செலடசையும் மைமாசையும் ஹேர்ஷல் இனங்கண்டார். அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய தொலைகாட்டி அதுவே.

ஆனால் பெரிய கருவி பெருந்தொல்லையும் தந்தது. அதைத் திருப்பி ஒழுங்குபடுத்த ஆட்களும் நேரமும் தேவைப்பட்டன. உலோகம் ஈரக்காற்றில் விரைவாக மங்கியது. மீண்டும் மெருகிடுவதென்றால் வடிவத்தையும் மீண்டும் உருவாக்க வேண்டும். ஆகவே ஹேர்ஷல் தமது அன்றாட ஆய்வுக்கு 20 அடிக் கருவியையே நாடினார். 2,500 நெபுலாக்களையும் விண்மீன் கூட்டங்களையும் அடக்கிய அவரது மூன்று பட்டியல்களுக்கு அச்சிறிய கருவியே உழைத்தது. உலகம் பெரிய கருவியைப் பார்க்க வந்தது, அவரோ தம் கைக்கு அடங்கிய கருவியால் வேலை செய்தார்.

இப்பணியில் கரோலினின் பங்கை மறக்கலாகாது. அண்ணன் மேலிருந்து சொல்பவற்றை அவர் கீழே கடிகாரத்தைப் பார்த்து நேரத்துடன் குறித்தார். 1783 டிசம்பர் 31 ஆம் திகதி இரவு, பனி மூடிய தரையில் ஓடியபோது இரும்புக் கொளுக்கி ஒன்று அவரது காலில் ஏறியது. 1787 இல் அவருக்கும் ஆண்டுக்கு 50 பவுண் சம்பளம் வழங்கப்பட்டது. எட்டு வால்வெள்ளிகளை அவர் தாமாகவே கண்டறிந்தார்.

8. கருவி ஏன் சில இரவுகளில் பொய்க்கின்றது?

நல்ல ஆடியாயிற்று, அச்சும் சரியாயிற்று. அப்படியிருந்தும் சில இரவுகளில் காட்சி கெடுவதேன்? ஹேர்ஷல் தமது பழைய குறிப்பேடுகளைப் புரட்டினார். பனி, மூடுபனி, ஈரம், திடீர்க் குளிர், சூடான அறையிலிருந்து கருவியை வெளியே எடுத்தல் முதலியவற்றின்போது காட்சி எப்படி இருந்தது என ஒப்பிட்டார். 1802 நவம்பரில் நிகழ்ந்த புதன் இடைநகர்வு பற்றிய தமது கட்டுரையுடன், ஆடி சரிவரத் தொழிற்படாமைக்கான காரணங்களையும் ஆராய்ந்து 1803 இல் வெளியிட்டார். வெப்பம் மாறும்போது உலோகம் விரிந்து சுருங்கி ஆடியின் வடிவமும் மாறும். எனவே வெளிக்காற்றின் வெப்பநிலையை ஆடி அடையும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

இதே கூர்ந்த நோக்கே 1800 இல் இன்னொரு கண்டுபிடிப்புக்கும் வழிகோலியது. அரியத்தால் பிரித்த சூரிய ஒளியின் நிறங்களில் வெப்பமானிகளை வைத்தார். சிவப்புக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்திலும் வெப்பநிலை உயர்ந்தது. செந்நிறக் கீழ்க்கதிர் இவ்வாறு அறியப்பட்டது.

9. இறுதிக் காலம்

1788 இல் மேரி பிற் என்பவரை மணந்தார். 1792 இல் பிறந்த மகன் ஜோன் ஹேர்ஷலும் புகழ்பெற்ற வானியலாளரானார். 1816 இல் வில்லியம் வீரப்பட்டம் பெற்றார். பின்னாளில் வேத்தியல் வானியற் கழகமான சங்கத்தின் முதலாவது தலைவராகவும் விளங்கினார். 1822 ஓகஸ்ட் 25 ஆம் திகதி சுலோவில் காலமானார். ஹனோவருக்குத் திரும்பிய கரோலின் 1828 இல் அக்கழகத்தின் பொற்பதக்கம் பெற்று, 1848 இல் 97 ஆவது வயதில் மறைந்தார்.

10. இன்றைய சீராக்கும் முறைகள்

இன்று ஆடிகள் உலோகப் படலம் பூசிய கண்ணாடியாலானவை. ஆனால் அச்சுச் சீராக்கல் இன்றும் வேண்டும். அதற்கு நான்கு முறைகள் வழக்கிலுள்ளன.

(அ) துளையிட்ட மூடி: பார்வைத்துண்டு இருக்கும் இடத்தில், நடுவில் சிறு துளையுள்ள மூடியைப் பொருத்திப் பார்த்தல். பழைய பிலிம் டப்பாவே போதும். செலவில்லை.

(ஆ) செஷயர் பார்வைத்துண்டு: உள்ளே சரிவான பளபளப்பான வளையமுடைய குழாய். பெரிய ஆடியின் நடுவில் ஒட்டிய அடையாளத்தை அவ்வளையத்தின் விம்பத்துடன் பொருத்தலாம். மின்கலம் தேவையில்லை.

(இ) லேசர்: விரைவானது, இருளிலும் பயன்படும். ஆனால் லேசரே சரிந்திருந்தால் எல்லாம் பிழைக்கும். அதைப் பொருத்திய இடத்தில் சுழற்றும்போது ஒளிப்புள்ளி வட்டமிட்டால் அது சீரற்றது. கண்ணுக்குள் ஒருபோதும் படவிடக் கூடாது.

(ஈ) நட்சத்திரச் சோதனை: கூடிய உருப்பெருக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பார்வைப் புலத்தின் நடுவில் வைத்து, குவியத்தைச் சற்று விலக்கினால் வளையங்கள் தோன்றும். அவை ஒருமையமாக இருந்தால் கருவி சரி. முதல் மூன்று முறைகளின் முடிவையும் உறுதிப்படுத்துவது இதுவே.

ஒழுங்கு முறை: முதலில் சிறிய ஆடியை நடுப்படுத்தி அதன் சரிவைத் திருத்துக. பின்னர் பெரிய ஆடியின் பின்புறத் திருகாணிகளைச் சிறிது சிறிதாகத் திருப்புக.

நான் உயர்தரம் படித்த காலத்தில் ஓர் ஆடித் தொலைகாட்டி அலுமாரிக்குள் தூசி படிந்து கிடந்தது. சந்திரன்கூட அதில் மங்கலாகவே தெரிந்தது. பழுதான கருவி என்று நாங்கள் எல்லோரும் சொல்லிவிட்டு மூடி வைத்தோம். பல வருடங்களின் பின்னரே ஒருவர் அதன் திருகாணிகளைத் தொட்டுப் பார்த்தார். மூன்றும் தளர்ந்திருந்தன. அரை மணித்தியால வேலையில் சனியின் வளையம் தெரிந்தது. எங்களுக்குத் தொலைகாட்டி இல்லாமலிருக்கவில்லை, அதைச் சரிபார்க்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமலிருந்தது. கலைப் பாடம் கற்பிக்கும் நான் ஹேர்ஷலைப் பற்றி எழுத முற்பட்டதற்கும் அதுவே காரணம்.

நினைவிற் கொள்க

1738 – ஹனோவரில் பிறப்பு
1757 – இங்கிலாந்து செல்லல்
1773 – ஆடி செய்யத் தொடங்கல்
1781 – யுரேனஸ் கண்டுபிடிப்பு
1786 – சிறிய ஆடியை நீக்கல்
1789 – 40 அடிக் கருவி நிறைவு
1800 – செந்நிறக் கீழ்க்கதிர்
1822 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. ஹேர்ஷல் வில்லைத் தொலைகாட்டியைக் கைவிட்டமைக்கு இரு காரணங்கள் தருக.
2. தளவாடியை நீக்கியதனால் ஏற்பட்ட ஒரு நன்மையையும் ஒரு தீமையையும் எழுதுக.
3. 40 அடிக் கருவி இருந்தும் 20 அடிக் கருவியை அவர் கூடுதலாகப் பயன்படுத்தியது ஏன்?
4. ஆடியொன்று 0.5 பாகையால் சரிந்தால் தெறிகதிர் எத்தனை பாகையால் திரும்பும்?
5. பிரித்தெழுதுக: குழிவாடி, ஒளியிழப்பு.
6. கரோலின் ஹேர்ஷல் பற்றி 100 சொற்களில் ஒரு கட்டுரை எழுதுக.

விடைக் குறிப்பு: வினா 4 – 1 பாகை. வினா 5 – குழிவு + ஆடி, ஒளி + இழப்பு. வினா 6 இற்கு விடை எழுதும்போது திகதிகளுடன் நின்றுவிடாதீர்கள். பாடகியாக வாழ்ந்திருக்கக்கூடிய ஒருவர் எதை விட்டு எதைத் தெரிவு செய்தார் என்பதையும் எழுதுங்கள். புள்ளிகள் அங்கேதான் இருக்கின்றன.